பாடும் பிள்ளைக்கும் ஒரு கதிரை

யாழ்ப்பாணத் தீவகத்து ஆலயங்களில் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டைத் தாங்கிப் பிடிப்பவர் யார் என்று கேட்டால் எல்லோரும் குருவானவரைத்தான் காட்டுவார்கள். பீடத்தில் நிற்பவர் அவர், மறையுரை அவருடையது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்தில் சனம் வாய் திறக்கிற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பங்கு பாட்டுக்குப் போகிறது. அந்தப் பாட்டுகளைத் தெரிவுசெய்து, சுருதி பார்த்து, சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்கி, வழிபாட்டில் முதல் அடியை எடுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் உயர்தரம் படிக்கிற, அல்லது படித்து முடித்து வேலை தேடுகிற ஒரு பெண்பிள்ளை. ஆலயம் அவளுக்கு என்ன கொடுக்கிறது? வருட முடிவில் ஒரு நன்றியுரை, ஒளிவிழாவில் ஒரு பரிசுப் பொதி, அவ்வளவுதான். பயிற்சி இல்லை, கொடுப்பனவு இல்லை, என்ன பாடுவது என்பதில் கடைசிச் சொல்லும் அவளுடையதில்லை. இந்த ஏற்பாடு மாற வேண்டும். பாடகர் குழாமை நடத்துகிற பெண்ணின் வேலையைத் தேர்ச்சி வேண்டிய ஒரு திருப்பணியாக எமது சபைகள் ஏற்க வேண்டும். ஏற்பதானால் அதற்குரிய ஆசிரியரையும் காசையும் நிர்வாகத்தில் ஒரு கதிரையையும் அவளுக்குக் கொடுத்தாக வேண்டும்.

தீவகத்து ஊர்களில் காரைநகரை எடுத்துக்கொள்வோம். கிறிஸ்தவம் அங்கே ஒருநாளும் பெரும்பான்மையின் சமயமாக இருந்ததில்லை என்பதாலேயே அது நல்ல எடுத்துக்காட்டு. பொன்னாலைப் பாலத்தைக் கடந்து உள்ளே போகிறவருக்கு அது சைவ ஊர். ஈழத்துச் சிதம்பரம் என்று பெயர் பெற்ற திண்ணபுரம் சிவன் கோவில்தான் ஊரின் முகவரி. மார்கழித் திருவாதிரைக்கு வெளிநாட்டுக் காரைநகரார் விமானம் ஏறி வருகிறார்கள். அதே ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிசன் பள்ளிக்கூடமும் சபையும் வைத்தது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் கற்பித்து, லண்டன் அரச வானியல் கழகத்தில் உறுப்பினராகவும் இருந்த அலன் ஏபிரகாம் அந்த மண்ணில் பிறந்தவர். அங்கே கிறிஸ்தவப் பிள்ளையாக வளர்வது என்றால், காலைப் பிரார்த்தனையில் தேவாரம் கேட்டு வளர்வது, சைவநெறிப் பாடவேளையில் எழும்பி வேறு மூலைக்குப் போய்க் கிறிஸ்தவமோ கத்தோலிக்கமோ படிப்பது, தோழிகளோடு தேர்த் திருவிழாவுக்குப் போய்க் கச்சான் கொறிப்பது. மற்ற அன்றாடமெல்லாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது: நல்ல தண்ணீருக்குப் பவுசரைப் பார்த்திருப்பது, வலந்தலைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பது, ரியூசன், யாழ்ப்பாணத்தில் ஒரு கடை வேலை அல்லது கந்தோர் வேலை. 1991இல் ஊர் இடம்பெயர்ந்தது. வருடங்கள் கழித்து மீள்குடியேற்றம் நடந்தபோது திரும்பி வந்தவர்கள் ஒரு பகுதியினர்தான். ஏற்கெனவே சிறிதாக இருந்த சபைகள் இன்னும் சிறுத்தன. குரல்கள் குறையக் குறைய, மிஞ்சியிருக்கிற ஒரு நல்ல குரலின் தலையில் விழுகிற பாரம் கூடுகிறது.

அந்தப் பாரத்தைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். பார்க்காததால்தான் அது வேலையாகத் தெரிவதில்லை. கத்தோலிக்கத் திருப்பலி என்றால் வருகைப் பாடல், பதிலுரைப் பாடல், அல்லேலூயா, காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல், நன்றிப் பாடல் என்று ஓர் அடுக்கு இருக்கிறது. அன்றைய வாசகத்துக்கும் திருவழிபாட்டுக் காலத்துக்கும் பொருந்தியதாக ஒவ்வொன்றையும் தேட வேண்டும். தவக்காலத்தில் அல்லேலூயா தவறியும் வாயில் வந்துவிடக் கூடாது. தென்னிந்திய திருச்சபையில் ஒழுங்கு வேறு, தேடுகிற பாடு ஒன்றுதான். அடுத்தது சுருதி. பெண்குரல் இயல்பாக ஐந்து, ஐந்தரைக் கட்டையில் நிற்கும், ஆண்குரல் ஒன்று, இரண்டு கட்டையில். தனக்குச் சுகமான சுருதியில் அவள் எடுத்தால் பின்வாங்கில் இருக்கிற ஆண்கள் மேல்ஸ்தாயிக்கு ஏற முடியாமல் வாயை மூடிவிடுவார்கள். அவர்களுக்காக இறக்கினால் அவள் குரல் கீழே அமுங்கி, குழாம் பாடுவதே கேட்காது. இரண்டுக்கும் நடுவில், மூன்று அல்லது நாலு கட்டையில் ஓரிடத்தைப் பிடித்து, பாட்டின் ஆக உயர்ந்த சுரம் எதுவரை போகிறது என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்து எடுக்க வேண்டும். கீபோர்டின் தாளப் பொத்தானை அழுத்தினால் வருவது நாலு எண்ணிக்கை, மூன்று எண்ணிக்கை, ஆறு எண்ணிக்கை. மிசிர சாபுவில் அமைந்த கீர்த்தனைக்கு வேண்டிய ஏழு எண்ணிக்கை பெரும்பாலான பெட்டிகளில் இராது. பொத்தானுக்காகப் பாட்டை வளைத்தால் குறில் நெடிலாகி, சொல் நடுவில் முறிந்து, பொருளே வேறாகிவிடும். பொத்தானை விட்டுக் கையால் வாசிப்பதென்றால் தாளம் கைவந்திருக்க வேண்டும். கரண்ட் நின்றுவிட்டால் ஒலிவாங்கி இல்லாமல் முழு ஆலயத்துக்கும் கேட்கப் பாட வேண்டும், குரல் பழக்கமில்லாத தொண்டை அன்றைக்கே கட்டிப் போகும். இவ்வளவும் செய்கிற ஆணை நாங்கள் வித்துவான் என்போம். பெண்பிள்ளையாக இருந்தால் ‘கெட்டிக்காரப் பிள்ளை’ என்று சொல்லி அடுத்த ஞாயிறும் வரச் சொல்வோம்.

இந்த வேலையை வேலையாக மதிக்க வேண்டும் என்பதற்குக் கத்தோலிக்கத் திருச்சபையின் சரித்திரமே, தன்னை அறியாமல், வலுவான சான்று தருகிறது. 1903 நவம்பர் 22, இசையின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள். அன்று பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் திரு இசை பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். ஆலயத்தில் பாடுகிறவர்கள் உண்மையான திருவழிபாட்டுப் பணியைச் செய்கிறார்கள், அத்தகைய பணிக்குப் பெண்கள் தகுதியுடையவர்கள் அல்லர், ஆகவே அவர்களைப் பாடகர் குழாமில் சேர்க்கக் கூடாது, உயர்ந்த குரல் வேண்டுமானால் சிறுவர்களைப் பாட வைக்க வேண்டும் என்பது அதில் சொல்லப்பட்ட தர்க்கம். ஒரு பெண்ணின் பெயரில் இசையைக் கொண்டாடும் நாளில் பெண்களின் வாயை அடைத்தது விதியின் விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அந்த ஆணையின் முதற்பாதிதான் முக்கியம். பாடுவது ஒரு பொழுதுபோக்கு உதவி என்று அந்தப் பாப்பரசர் நினைத்திருந்தால் பெண்களைத் தடுக்க வேண்டிய தேவையே வந்திராது. அதை ஒரு பதவியாக, பீடத்தோடு தொடர்புள்ள பணியாக அவர் கருதினார். கருதியதாலேயே தடுத்தார்.

பிறகு தடை தளர்ந்தது. 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர் சில நிபந்தனைகளோடு வழிவிட்டார். 1963 டிசம்பர் 4ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், பாடகர் குழாமினர் உண்மையான திருவழிபாட்டுப் பணி செய்கிறவர்கள் என்று திரும்பவும் சொன்னது. 1967இல் வந்த திரு இசை அறிவுறுத்தல், ஆண்களும் பெண்களும் சேர்ந்தோ பெண்கள் மட்டுமோ குழாமாக அமையலாம் என்று வெளிப்படையாகவே ஏற்றது. அதே அறிவுறுத்தல் பாடகர்களுக்கு இசைப் பயிற்சியோடு திருவழிபாட்டுப் பயிற்சியும் ஆன்மிகப் பயிற்சியும் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லி வைத்தது. ஆக, 1903இல் பணி பெரியது, பெண்ணுக்கு இடமில்லை. 1967இல் பெண்ணுக்கு இடம் வந்துவிட்டது, எழுத்தில் பணியும் பெரியதாகவே இருக்கிறது. ஆனால் எங்கள் பங்குகளின் நடைமுறையில் நடந்தது என்ன? பெண்பிள்ளைகள் உள்ளே வந்ததும் அந்தப் பணி சத்தமில்லாமல் சின்னதாகிவிட்டது. வத்திக்கான் சொன்னதில் பாதியை, அதாவது செலவில்லாத பாதியை, எடுத்துக்கொண்டோம். பயிற்சி கொடுக்கச் சொன்ன மற்றப் பாதி கோப்பில் கிடக்கிறது.

புரட்டஸ்தாந்து சபைகள் இதைக் கேட்டுத் தோள் குலுக்க வேண்டாம். பெண்பிள்ளைக்குப் படிப்புக் கொடுக்கக் காசு செலவழிக்க வேண்டும் என்பதை அமெரிக்க மிசன் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. 1824இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை சாப்பாடும் உடுப்பும் கொடுத்து, கலியாணம்வரை தங்கிப் படித்த பிள்ளைகளுக்குச் சீதனமும் கொடுத்தது. இசையிலும் அவர்களுக்குக் கண் திறந்த ஒரு காலம் உண்டு. யாழ்ப்பாண மிசனின் கிளையாக 1834இல் தோன்றிய மதுரை மிசனில் எட்வர்ட் வெப் என்ற போதகர், இங்கிலீசு மெட்டில் தமிழ்ச் சொல்லைத் திணித்தால் சனம் பாடாது என்று கண்டு, 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதில் மிகுதியானவை தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாடியவை. ஒரு நூற்றாண்டு கழித்து, யாழ்ப்பாணத்தவரான டி. ரி. நைல்ஸ் கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாட்டுக்காக 1963இல் ஒரு பாடல் தொகுப்பைப் பதிப்பித்தபோது ஆசியாவின் மெட்டுகளுக்கு அதில் இடம் கேட்டு வாங்கினார். இந்தப் பெயர்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெரியும். பாடலைத் தொகுத்தவரும் ஆக்கியவரும் ஆண்கள், அதைத் தலைமுறை தலைமுறையாகத் தாலாட்டிலும் ஓய்வுநாள் பாடசாலையிலும் வாயால் கடத்தியவர்கள் பெண்கள். சென்னையின் சாராள் நவரோஜி போலத் தானே பாட்டெழுதி, தானே மெட்டமைத்து, தானே மேடையில் நின்று பாடி, எல்லாச் சபைகளின் பாட்டுப் புத்தகத்துக்குள்ளும் புகுந்தவர்கள் அரிது. அவரும் தன் வழியைத் தானே வெட்டிக்கொண்டவர்தான்.

கொடுப்பனவு என்ற சொல்லைக் கேட்டதும் எழும் முதல் மறுப்பு எல்லோருக்கும் தெரிந்தது: ஆண்டவருக்குச் செய்கிற ஊழியத்துக்குக் கூலி கேட்பதா? இந்தக் கேள்வியில் நல்லெண்ணம் இருக்கிறது. காசு வந்தால் பக்தி போய்விடும் என்ற பயமும் நியாயமானதுதான். ஆனால் காரைநகர்க்காரருக்கு இதற்குப் பதில் சொல்ல வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஈழத்துச் சிதம்பரத்தில் மேளம் இல்லாமல் சுவாமி வெளிவீதி வருவதில்லை. அளவெட்டியிலிருந்தும் இணுவிலிலிருந்தும் வருகிற நாதஸ்வர தவில் கலைஞர்களுக்குக் கூலி பேசித்தான் கூப்பிடுகிறார்கள், நல்ல வித்துவானுக்குப் போட்டி போட்டுக் கூப்பிடுகிறார்கள். அதனால் சிவபக்தி குறைந்துவிட்டது என்று எந்தச் சைவரும் சொன்னதில்லை. அந்தக் கூலியும் போட்டியும் இருந்ததால்தான் தட்சணாமூர்த்தி போல ஒரு தவில் மேதையை யாழ்ப்பாணம் வளர்த்து இந்தியாவுக்கும் காட்ட முடிந்தது. கிறிஸ்தவ உலகில் சான்று வேண்டுமென்றால், ஆலய இசைக்கு அரசன் என்று எல்லாச் சபைகளும் கொண்டாடுகிற யோகான் செபஸ்தியான் பாஹ் 1723 முதல் லைப்சிக் நகரில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். 1730இல் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஊரில் காற்று நன்றாக இருந்ததால் சாவு குறைந்து, செத்தவீட்டுப் பாட்டு வருமானம் விழுந்துவிட்டது என்று குறைப்பட்டிருக்கிறார். அந்த மனிதருடைய பாடுகளின் இசையைக் கேட்டு இன்றைக்கும் ஆட்கள் அழுகிறார்கள். கணக்குப் பார்த்த கை பக்தியாகவும் எழுதியது.

எங்கள் ஆலயங்களிலேயே யாருக்குக் காசு கொடுக்கிறோம் என்று பார்ப்போம். ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுக்கிறோம், பந்தல்காரருக்குக் கொடுக்கிறோம், திருநாளுக்கு மின்குமிழ் கட்டுகிறவருக்குக் கொடுக்கிறோம். சங்கிலித்தான் அம்மாவுக்கு, அதாவது ஆலயம் கூட்டுகிற வயதான பெண்ணுக்குக்கூட, போதாது என்றாலும் ஏதோ கொடுக்கிறோம். கூத்துப் போடுவதென்றால் அண்ணாவியாருக்குப் பொன்னாடையும் கைமடக்கும் உண்டு. தீவகத்துக் கத்தோலிக்க ஊர்களில் தென்மோடிக் கூத்தின் அண்ணாவிமார் எவ்வளவு மதிப்போடு வாழ்ந்தார்கள் என்பதை மூத்தவர்கள் சொல்வார்கள், அந்த மதிப்பு அவர்களுக்கு முழுக்கத் தகும். அந்தக் கூத்தில் நெடுங்காலம் பெண் வேசத்தையும் ஆணே கட்டினான் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஊழியம் என்ற பெயரில் சும்மா செய்யச் சொல்வது இந்தப் பிள்ளையை மட்டும்தான். அவளுடைய நேரத்துக்கு வீட்டிலும் விலை இல்லை, சபையிலும் விலை இல்லை. நத்தார் மாதத்தில் கணக்குப் பார்த்தால் பள்ளிக்கூட ஒளிவிழா, பிரதேச செயலக ஒளிவிழா, பங்கு ஒளிவிழா, வீடு வீடாகக் கரோல், நடுச்சாமப் பூசை என்று அவள் தொண்டைக்கு ஓய்வே கிடையாது. அதே மாதத்தில் பரீட்சையும் இருக்கலாம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. பயிற்சி என்றால் எந்தப் பயிற்சி? யாழ்ப்பாணத்தில் முறையாகப் பாட்டுப் படிப்பதென்றால் பெரும்பாலும் கர்நாடக சங்கீதம்தான். சாதாரண தரத்தில் அழகியல் பாடமாக அது இருக்கிறது. 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை வைத்து, ஆசிரியர் தரம் வரை ஏற்றி, கலாவித்தகர் பட்டம் தருகிறது. மேலே போனால், முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்த மருதனார்மடத்துப் பல்கலைக்கழகப் பீடம். இந்தப் பாதையில் அவள் கற்கிற உருப்படிகள் பிள்ளையார் மீதும் முருகன் மீதும் அம்பாள் மீதும் பாடப்பட்டவை. ‘எங்கள் பிள்ளையை வேற்றுத் தெய்வத்தைப் பாடச் சொல்வதா’ என்று சில சபைகளில் கேட்கிறார்கள், புதிதாக வந்த செபக்கூடங்களில் இந்தக் குரல் இன்னும் உரத்துக் கேட்கிறது. மறுகரையிலிருந்தும் இதே கேள்வி தலைகீழாக வருகிறது. 2018 ஓகஸ்ட்டில் சென்னையில் கிறிஸ்தவப் பாடல்களைக் கர்நாடக இசையில் பாட ஒத்துக்கொண்ட ஓ. எஸ். அருண் மிரட்டலுக்குப் பிறகு விலகிக்கொண்டார், நித்யஸ்ரீ மகாதேவன் போன்றவர்களும் தாக்கிப் பேசப்பட்டனர். மாதம் ஒரு பாட்டு இயேசுவைப் பற்றியோ அல்லாவைப் பற்றியோ பாடி வெளியிடுவேன் என்று டி. எம். கிருஷ்ணா அறிவித்தது அதற்குப் பதிலாகத்தான். ஒரு தரப்பு இது எங்கள் சொத்து, தொடாதே என்கிறது. மற்றத் தரப்பு இது அவர்களின் சொத்து, தொடாதே என்கிறது. இரண்டு தரப்பும் ஒரே உறுதிப்பத்திரத்தில் கையெழுத்து வைத்திருக்கின்றன.

அந்தப் பத்திரம் செல்லாது என்பதற்குத் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் போதும். வைத்தியராகவும் கிறிஸ்தவராகவும் வாழ்ந்த அவர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ தமிழிசையின் சுருதிகளையும் பண்களையும் பற்றி எழுந்த மாபெரும் நூல். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் அவருடைய சுருதிக் கொள்கையை வீணையில் வாசித்தும் பாடியும் காட்டியவர்கள் அவர் குடும்பத்துப் பெண்கள். நூறு வருடத்துக்கு மேலாயிற்று, பெண்கள் மேடையேறுவதே குறைவாக இருந்த காலம் அது, கிறிஸ்தவக் குடும்பம், நடுவில் இந்தியாவின் பெரிய பண்டிதர்கள். அவர்களுடைய விசுவாசம் அதனால் கெட்டுப்போனதாக யாரும் எழுதி வைக்கவில்லை. பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதும்போது படைத்த உணவைச் சாப்பிடலாமா என்ற கேள்வியைச் சந்தித்தார். விக்கிரகத்தில் ஒன்றுமில்லை, ஆனாலும் பலவீனமான சகோதரனுக்கு இடறலாக இராதே என்பது அவர் நிலை. இந்தப் பதிலின் இரண்டு பாதியையும் மதித்தே சொல்லலாம்: மோகனமும் கல்யாணியும் யாருக்கும் படைத்தவை அல்ல. சொல் இடித்தால் சுரத்தைக் கற்கலாம், அலங்காரம் வரை சிக்கலே இல்லை, அதன்பின் எந்த உருப்படி என்பது அவளுடைய மனச்சாட்சியின் பாடு. சங்கீத சபை பாடத்திட்டத்தில் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளையும் விருப்பத் தெரிவாக வைத்தால் பரீட்சை மேசையிலும் அவளுக்கு ஒரு வழி திறக்கும். சைவ அன்பர்கள் இதை மதமாற்றத் தூண்டில் என்று ஐயப்பட்டால் அதற்கு வரலாற்றுக் காரணம் இல்லாமல் இல்லை. வெப் போன்றவர்கள் கீர்த்தனையைப் பிரசங்கக் கருவியாகவும் பார்த்தவர்கள்தான். ஆனால் நாலைந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருக்கிற வீட்டுப் பிள்ளை தன் ஆலயத்தில் தன் தாய்மொழி இராகத்தில் பாடுவதில் யாரையும் பிடிக்கிற நோக்கம் ஏது? 1965இல் மரிய சேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் பாடுகளின் காட்சியைக் கர்நாடக இசையோடும் கூத்தோடும் மேடையேற்றியபோது சைவர்கள் திரண்டு வந்து பார்த்தார்கள், பலர் அதில் நடித்தும் இருக்கிறார்கள்.

சங்கீதம் என்றால் கர்நாடகம் மட்டும்தானா என்று இன்னொரு பக்கத்திலிருந்து கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் பாதிக்கு மேல் உடன்படுகிறேன். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய, ‘பரட்டை’ என்ற பெயரில் அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, கீர்த்தனை இசை மேற்சாதிக் கிறிஸ்தவத்தின் இசை என்று சொல்லி, உழைக்கிறவர்கள் கூடிப் பாடக்கூடிய நாட்டார் மெட்டில் வழிபாட்டையே அமைத்தார். சாஸ்திரியார் பெரிய கவிஞர். சபைக்குள் சாதி ஆசாரத்தைக் கைவிட மறுத்தவர்களில் அவரும் ஒருவர். எங்கள் ஆலய வாங்குகளுக்கும் சாதி தெரியும். ஆகவே பயிற்சி என்று சொல்லி ஒரு சாதியின் செவிக்குப் பிடித்ததை மட்டும் எல்லாத் தொண்டைக்குள்ளும் இறக்கினால் அது வேறொரு அநியாயம். தீவகத்துக்கு வேறு செல்வமும் இருக்கிறது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனபின், 1687இல் யோசவ்வாஸ் அடிகள் வந்து சேரும்வரை, கத்தோலிக்கர் கிட்டத்தட்ட முப்பது வருடம் குரு இல்லாமல் இருந்தார்கள். அந்தக் காலத்தில் விசுவாசத்துக்கு இருந்த இடம் வீடுகள்தான். அவருக்குப் பின் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கம் இன்றும் தவக்காலத்தில் இராகம் போட்டுப் படிக்கப்படுகிறது. அது ஒப்பாரிக்கும் வசனத்துக்கும் நடுவில் ஓடுகிற ஒரு நடை. எந்தச் சங்கீத சபையின் தரத்துக்குள்ளும் அடங்காது. அதைச் சரியாகப் படிக்கத் தெரிந்த மூத்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். அவர்களிடம் இருந்து கற்றுக்கொள்ள ஒரு பெண்பிள்ளையை உட்கார வைத்தால் அதுவும் பயிற்சிதான், அதற்கும் அவளுடைய நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கே இதில் விருப்பமில்லை, அவர்களுக்கு யூடியூபில் வருகிற ஆராதனைப் பாட்டுகள்தான் பிடிக்கும் என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். பிடிக்கட்டுமே. பயிற்சி பெற்றவள் அந்தப் பாட்டையும் நல்ல சுருதியில், நல்ல உச்சரிப்பில், சனத்துக்கு எட்டுகிற மாதிரிப் பாடுவாள். தெரிந்து விரும்புவதற்கும் வேறொன்றும் தெரியாமல் விரும்புவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எதைப் பாடலாம், எதைத் தள்ளலாம் என்று சொல்லுகிற அறிவு அவளிடம் வந்தால் அதைச் சொல்ல ஓர் இடமும் வேண்டும். பங்கு அருட்பணிச் சபையில், சபை நிர்வாகக் குழுவில், பாடகர் குழாமை நடத்துகிறவர் பதவி வழியாகவே உறுப்பினராக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். திருநாள் ஒழுங்கு பேசுகிற கூட்டத்தில் கொடி எவ்வளவு உயரம் என்பதற்கு ஒரு மணித்தியாலம் போகிறது. பாட்டைப் பற்றிய தீர்மானம் மட்டும் முதல்நாள் பின்னேரம் தொலைபேசியில் அவளுக்கு வந்து சேருகிறது.

கடைசி மறுப்பு எல்லோர் மனதிலும் இருப்பது, வெளியே சொல்லத் தயங்குவது: எவ்வளவு செலவழித்தாலும் அவள் கலியாணம் கட்டிக் கனடாவுக்கோ லண்டனுக்கோ போய்விடுவாள். போகலாம். ஊரில் பாதிப்பேர் போனபின் அவளை மட்டும் பிடித்து வைக்க எங்களுக்கு என்ன உரிமை? ஆனால் இதே நியாயத்தை ஆண்பிள்ளைகளின் படிப்புக்கு யாரும் சொல்வதில்லை. வெளிநாடு போகப் போகிறவன் என்று தெரிந்தே கடன் பட்டுப் படிப்பிக்கிறோம். அதோடு, தானாகத் தட்டித் தடவிக் கற்றவள் போனால் அவளோடு எல்லாம் போய்விடும். முறையாகக் கற்றவளுக்குக் கற்பிக்கவும் தெரியும், அவளுக்குக் கீழே இரண்டு பிள்ளைகள் தயாராக நிற்பார்கள். போன இடத்திலும் தமிழ்த் திருப்பலிகளும் தமிழ்ச் சபைகளும் இருக்கின்றன, அங்கே தமிழே தட்டுத்தடுமாறுகிற பிள்ளைகளுக்கு ஒரு கீர்த்தனை சொல்லிக் கொடுக்க ஆள் தேவை.

காசுக்கு எங்கே போவது என்பது உண்மையான கேள்வி, மழுப்பக் கூடாது. சிறிய சபையின் உண்டியல் ஒரு சங்கீத ஆசிரியையின் சம்பளத்தைத் தாங்காது. ஆனால் புலம்பெயர்ந்தவர்கள் அனுப்புகிற காசில் கோபுரம் உயர்கிறது, தரைக்கு மாபிள் வருகிறது, சுரூபத்துக்குப் புதுக் கூடு வருகிறது. கல்லில் பெயர் பொறிக்கலாம், பிள்ளையின் தொண்டையில் பொறிக்க முடியாது என்பது உபயகாரரின் சங்கடமாக இருக்கலாம். ஒரு வருட உபயத்தில் சிறு பங்கை ஒதுக்கினாலே மாதத்தில் நாலு வகுப்புக்கு ஓர் ஆசிரியையைக் கூப்பிடவும், குழாமை நடத்துகிற பிள்ளைக்கு பஸ் காசும் சிறிய கொடுப்பனவும் கொடுக்கவும் வழி உண்டு. ஒரு சபையால் முடியாதென்றால் இரண்டு சபை சேரட்டும். காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போக இடையில் இருப்பது ஒரு துண்டுக் கடல். அந்தக் கரையில் கத்தோலிக்கப் பங்குகள், இந்தக் கரையில் தென்னிந்திய திருச்சபையும் மற்றவர்களும். நற்கருணையைப் பற்றி இரு தரப்புக்கும் உடன்பாடு வர இன்னும் எவ்வளவு காலம் எடுக்குமோ தெரியாது, ஆனால் சரளி வரிசையில் இறையியல் சண்டை எதுவும் இல்லை. ஓர் ஆசிரியை, இரு கரையிலிருந்தும் பத்துப் பிள்ளைகள், சனிக்கிழமை பின்னேரம் ஒரு வகுப்பு, தொடங்குவதற்கு அது காணும். வகுப்பை வைக்கிறவர்கள் இரு கரைக்கும் இடையே ஓடுகிற பாதைப் படகுச் சேவையின் கடைசி நேரத்தை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும், ஊர்காவற்றுறைப் பிள்ளைகள் இருட்டுவதற்கு முன் வீடு போய்ச் சேர வேண்டுமே.